ஹாலோவீன் (1978): எந்த டிஸ்க் வாங்குவது, எப்படிப் போட்டுப் பார்ப்பது? முழுமையான வழிகாட்டி

ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்' என்ற திகில் படம் கேசட் காலத்திலிருந்து இன்றுவரை எத்தனையோ அட்டைகளில் வீட்டுக்கு வந்திருக்கிறது. தியேட்டர் பதிப்பின் நீளம் 91 நிமிடம்தான். ஆனால் நிறம் ஒரு டிஸ்கில் ஒரு மாதிரி, ஒலி இன்னொன்றில் வேறு மாதிரி. புதிதாக வாங்குகிறவர்கள் அட்டையைப் பார்த்து ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். பெட்டி வந்த பிறகுதான் டிஸ்க் ஓடவில்லை, இரவுக் காட்சி சாம்பல் பூத்திருக்கிறது, பேச்சு கேட்கவில்லை என்று ஒவ்வொன்றாகத் தெரியவருகிறது. பிளேயரை முதலில் பார்த்து, அதற்கேற்ற டிஸ்கைத் தேர்ந்தெடுத்து, டிவியைக் கடைசியில் திருத்தினால் இந்த அலைச்சல் வராது.

தொடங்கும் முன் குறித்துக்கொள்ள வேண்டியவை

பிளேயரின் மாடல் எண், டிவியின் மாடல் எண், நடுவில் ஆம்ப்ளிஃபயரோ சவுண்ட்பாரோ இருந்தால் அதன் மாடல் எண். மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதிவையுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இந்த எண்களில்தான் இருக்கிறது.

கூடவே 'பிரீமியம் ஹைஸ்பீட்' என்று அச்சிட்ட, 18 ஜிபிபிஎஸ் தாங்கும் ஹெச்டிஎம்ஐ கேபிள் ஒன்றும், கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணி ஒன்றும் போதும்.

1. உங்கள் பிளேயர் எதைப் படிக்கும் என்று பாருங்கள்

4கே டிஸ்கைச் சாதாரண ப்ளூ-ரே பிளேயர் படிக்காது. டிஸ்க் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். பிளேயரின் முகப்பில் 'அல்ட்ரா ஹெச்டி ப்ளூ-ரே' என்ற முத்திரை இருக்க வேண்டும். '4கே அப்ஸ்கேலிங்' என்று எழுதியிருந்தால் அது வேறு சங்கதி. சாதாரண டிஸ்கின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவுதான்.

கேம் கன்சோல் வைத்திருப்பவர்கள் கவனிக்க: பிஎஸ்4, பிஎஸ்4 ப்ரோ இரண்டும் 4கே டிஸ்கைப் படிக்காது. டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ், ஒன் எக்ஸ், சீரீஸ் எக்ஸ் ஆகியவை படிக்கும். ஆனால் இவற்றில் எதுவும் டிஸ்கிலிருந்து டால்பி விஷனைத் தராது, எச்டிஆர்10 மட்டுமே வரும் (இரண்டும் இருட்டையும் வெளிச்சத்தையும் கூடுதல் நுணுக்கமாகக் காட்டும் எச்டிஆர் முறைகள்). அதுவும் மோசமில்லை.

கம்ப்யூட்டரில் பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 4கே டிஸ்கின் பூட்டைத் திறக்க இன்டெல் சிப்பில் எஸ்ஜிஎக்ஸ் என்ற வசதி தேவைப்படுகிறது. 11-வது தலைமுறையிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டர் சிப்களில் இன்டெல் அதை எடுத்துவிட்டது. டிரைவ் புதிதாக இருந்தும் படம் ஓடாததற்கு இதுதான் காரணம்.

தனி பிளேயர் வாங்குவதாக இருந்தால், சோனி யூபிபி-எக்ஸ்700 டால்பி விஷன் தரும். பானசோனிக் யூபி420 தராது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பின்பக்கத் தகட்டில் 110–240 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். 120 வோல்ட் மட்டும் என்றால் நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகச் செருகிய அன்றே புகைந்துவிடும்.

2. ரீஜனைச் சரிபாருங்கள்

ஒரு பகுதியில் விற்ற டிஸ்க் வேறு பகுதியின் பிளேயரில் ஓடாதபடி போடுவது ரீஜன் பூட்டு. 4கே டிஸ்குக்கு அது கிடையாது. ப்ளூ-ரேக்கும் டிவிடிக்கும் உண்டு. இந்தியாவும் இலங்கையும் ப்ளூ-ரேயில் சி, டிவிடியில் 5. சிங்கப்பூர், மலேசியா ப்ளூ-ரேயில் ஏ, டிவிடியில் 3. அமெரிக்கா, கனடா ஏ, டிவிடியில் 1. பிரிட்டனும் மேற்கு ஐரோப்பாவும் பி, டிவிடியில் 2. ஆஸ்திரேலியா பி, டிவிடியில் 4.

சிக்கல் வருவது கூட்டுப் பெட்டிகளில். அமெரிக்கப் பெட்டி ஒன்றில் 4கே டிஸ்கும் ப்ளூ-ரே டிஸ்கும் சேர்ந்து வரும். 4கே டிஸ்க் சென்னையில் வாங்கிய பிளேயரில் தடையின்றி ஓடும். கூட வரும் ப்ளூ-ரே பெரும்பாலும் ஏ ரீஜனுக்குப் பூட்டியது. பேட்டிகள், படப்பிடிப்புத் தகவல்கள் போன்ற கூடுதல் சரக்கெல்லாம் அந்த ப்ளூ-ரேயில்தான் இருக்கும். டிஸ்கைப் போட்டதும் 'இந்த ரீஜனில் இயங்காது' என்ற ஒரு வரி வந்து நிற்கும். படம் மட்டும் போதும் என்பவருக்குக் கவலையில்லை. பேட்டிகளும் வேண்டுமென்றால் எல்லா ரீஜனும் ஓடும்படி மாற்றிய பிளேயர் தேவை.

டிவிடி பிளேயரில் ரிமோட்டில் சில எண்களை அழுத்தி ரீஜனைத் திறக்க முடியும் என்பார்கள். பல மாடல்களில் அது உண்மைதான். ப்ளூ-ரேயில் அது அநேகமாக நடக்காது. உள்ளே சர்க்யூட் போர்டையே தொட வேண்டியிருக்கும்.

3. சரியான படம்தானா?

இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அதிகமாக ஏமாறுவது இங்கேதான். 'ஹாலோவீன்' என்று, பின்னொட்டு எதுவும் இல்லாமல், மூன்று படங்கள் இருக்கின்றன: 1978-இல் கார்பென்டர் எடுத்தது, 2007-இல் ராப் ஜோம்பி எடுத்தது, 2018-இல் டேவிட் கார்டன் கிரீன் எடுத்தது. இதில் கொடுமை என்னவென்றால், 1978 படத்தின் ப்ளூ-ரே ஒன்று 2007-இல் வந்தது. அதன் 4கே டிஸ்க் ஒன்று 2018-இல் வந்தது. ஆகவே 'ஹாலோவீன் 2018 4கே' என்று தேடினால் இரண்டு வெவ்வேறு படங்கள் வந்து நிற்கும். இரண்டிலும் ஜேமி லீ கர்ட்டிஸ் வேறு இருக்கிறார்.

நடிகர் பட்டியலில் டொனால்ட் பிளெசன்ஸ் பெயரைத் தேடுங்கள். இருந்தால் 1978 படம். அதே கதையில் அவர் தொடர்ந்து நடித்த பிற்காலப் படங்களின் தலைப்பில் எண்ணோ கூடுதல் சொல்லோ இருக்கும். பிறகு ஓடும் நேரத்தைப் பாருங்கள்: 91 நிமிடம்.

பிரிட்டன் அல்லது ஐரோப்பிய டிவிடியில் 87 நிமிடம் என்று போட்டிருந்தால் காட்சியை வெட்டிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். அங்கே இருந்த பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 24 ஃபிரேம் படத்தை 25 ஃபிரேமாக ஓட்டுவார்கள். படம் 4 சதவீதம் வேகமாகி நான்கு நிமிடம் சுருங்கும். காட்சி எதுவும் போகாது, ஆனால் சுருதி அரைஸ்வரத்தில் (செமிடோன்) முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஏறிவிடும். கார்பென்டரின் பியானோ மெட்டு காதில் ஊறியவர்களுக்கு உடனே உறுத்தும். பால் டிவிடி வேண்டாம் என்பதற்கு அது ஒன்றே போதும்.

4. எந்த மாஸ்டர் என்று முடிவு செய்யுங்கள்

ஃபிலிமை ஸ்கேன் செய்து நிறம் திருத்திய மூலப் பிரதிதான் மாஸ்டர். இந்தப் படத்தில் டிஸ்கின் தரத்தைத் தீர்மானிப்பது ரெசல்யூஷன் எண் அல்ல, நிறம். காரணத்தைப் புரிந்துகொண்டால் எந்த அட்டையைப் பார்த்தாலும் நீங்களே முடிவெடுக்கலாம்.

கேமராவில் ஓடிய நெகட்டிவில் படத்தின் இறுதி நிறம் முழுதாக இருக்காது. லேபில் பிரிண்ட் போடும்போது ஒளிப்பதிவாளர் சொல்கிறபடி காட்சிக்குக் காட்சி சாயல் ஏற்றுவார்கள். பிற்காலத்தில் நெகட்டிவை ஸ்கேன் செய்கிறவர் முன்னால் வருவது அந்தச் சாயல் ஏறாத படம். பக்கத்தில் ஒளிப்பதிவாளரோ, ஒப்புதல் பெற்ற பழைய பிரிண்டோ இல்லையென்றால் அவர் என்ன செய்வார்? புல் பச்சையாக, வானம் நீலமாக, முகம் முகமாக, 'இயற்கையாக' திருத்திவிடுவார்.

வேறு படத்துக்கு அது பரவாயில்லை. இந்தப் படத்துக்கு ஆகாது. கதை நடப்பது அக்டோபர் மாத இல்லினாய்ஸில், ஹாடன்ஃபீல்ட் என்ற கற்பனை ஊரில். படமெடுத்ததோ கலிஃபோர்னியாவின் சவுத் பசடீனாவில், வசந்த காலத்தில். மரமெல்லாம் பச்சைப் பசேல் என்று இருந்தது. உதிர்ந்த இலைக்குக் காகித இலையில் பெயின்ட் அடித்து, தெருவில் கொட்டி, ஷாட் முடிந்ததும் மூட்டை கட்டி அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனார்கள். மிச்சத்தைச் சரிக்கட்ட ஒளிப்பதிவாளர் டீன் கண்டி பகலுக்கு வெதுவெதுப்பான சாயலும் இரவுக்கு நீலமும் கொடுத்தார். அந்த இரண்டையும் துடைத்துவிட்டால் திரையில் மிஞ்சுவது கலிஃபோர்னியாவின் மே மாதம்.

இனி பதிப்புகள்.

1999-இல் ஆங்கர் பே வெளியிட்ட, டிஹெச்எக்ஸ் முத்திரை போட்ட டிவிடி கண்டியின் மேற்பார்வையில் செய்தது. நிறத்துக்கு அதுவே பல காலம் உரைகல். ஆனால் டிவிடி டிவிடிதான். 55 அங்குலத் திரையில் முகங்கள் மெழுகாகத் தெரியும்.

2003-இன் டிவிமேக்ஸ் டிவிடி, 2007-இன் முதல் ப்ளூ-ரே இரண்டும் மேலே சொன்ன 'இயற்கையான' வழியில் போனவை. படம் பளிச்சென்று இருக்கும். பகலில் இலையுதிர்கால வெதுவெதுப்பு இல்லை, இரவில் நீலம் வெளிறிப்போயிருக்கும். பழைய டிஸ்க் விற்கும் இடங்களில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இந்த 2007 ப்ளூ-ரேதான். மலிவுக்குக் காரணம் உண்டு.

2013-இல் வந்த 35-ஆம் ஆண்டுப் பதிப்பு மீண்டும் கண்டியின் ஒப்புதலோடு செய்த புது மாஸ்டர். சாதாரண ப்ளூ-ரே பிளேயர் வைத்திருப்பவர், ரீஜன் பொருந்தினால், கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம். கார்பென்டரும் ஜேமி லீ கர்ட்டிஸும் சேர்ந்து பேசும் ஒலி விளக்கவுரை இதில் உண்டு.

2018-இல் லயன்ஸ்கேட் வெளியிட்ட 4கே டிஸ்க் ஏற்கெனவே அலமாரியில் இருந்தால் தூக்கிப்போட வேண்டாம். புதிதாகத் தேடி வாங்கவும் வேண்டாம்.

2021-இல் ஸ்க்ரீம் ஃபேக்டரி கொண்டுவந்தது அசல் கேமரா நெகட்டிவிலிருந்து 4கேயில் ஸ்கேன் செய்தது. டால்பி விஷன், டால்பி அட்மாஸ் (சுற்றிலும் மேலிருந்தும் வரும் ஒலி), பழைய மோனோ (ஒற்றைத் தட ஒலி) மூன்றும் இருக்கின்றன. 4கே பிளேயர் இருந்தால் வாங்க வேண்டியது இது. ஒரே நேரத்தில் இரண்டாம் பாகத்திலிருந்து ஐந்தாம் பாகம்வரை அதே நிறுவனம் வெளியிட்டதால், முதல் பாகத்தின் அட்டைதானா என்று ஒரு முறைக்கு இரு முறை பாருங்கள்.

கேசட்டும் ஃபுல் ஸ்கிரீன் டிவிடியும் எந்த விலைக்கும் வேண்டாம். படம் பானவிஷனில், 2.35:1 அகலத்தில் எடுத்தது. பழைய டிவியின் 1.33:1 கட்டத்தில் அடைத்தால் அகலத்தில் சுமார் 43 சதவீதம் போய்விடும். இந்தப் படத்தில் பயமே ஓரத்தில்தான் நிற்கிறது: வேலிச்செடிக்குப் பக்கத்தில் ஒரு உருவம், ஜன்னலுக்கு வெளியே ஒரு கார். ஓரத்தை வெட்டியபின் பார்க்க என்ன இருக்கிறது?

ஸ்ட்ரீமிங் போதாதா என்று கேட்பவர்களுக்கு: இரண்டிலும் 4கே என்ற எண் ஒன்றுதான், பாயும் தகவலின் அளவு வேறு. 4கே டிஸ்க் நொடிக்கு 100 மெகாபிட்வரை போகலாம். ஸ்ட்ரீமிங் பொதுவாக 15–25 மெகாபிட்டில் நின்றுவிடும். அந்தக் குறைவு பகல் காட்சியில் தெரியாது. கருநீல இரவும் ஃபிலிம் கிரெயினும் (ஃபிலிமில் இயல்பாக உள்ள நுண்மணிகள்) சேரும் இடத்தில் சுவரெல்லாம் படிக்கட்டு படிக்கட்டாக உடையும். இந்தப் படத்தில் பாதி அந்த மாதிரி இடம்தான்.

5. ஒலித்தடத்தைப் பாருங்கள்

1978-இல் தியேட்டரில் ஓடியது மோனோ. 5.1, 7.1, அட்மாஸ் எல்லாம் பிற்பாடு பிரித்துக் கட்டியவை. ரீமிக்ஸில் இசை அறை முழுதும் பரவும், மழையும் இடியும் பின்னாலிருந்து வரும். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பேச்சுக்கும் இசைக்கும் இருந்த பழைய விகிதம் மாறிவிடுவதால், திடுக்கிட வைக்கும் இசைத் தெறிப்புகள் சில அசலில் அடித்த மாதிரி அடிக்காது.

முதல் முறை பார்ப்பவருக்கு எங்கள் பரிந்துரை மோனோ. பின்னட்டையில் 'மோனோ' என்ற சொல் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். 'ஸ்டீரியோ' என்று மட்டும் இருந்தால் அது அசல் தடம் அல்ல.

தமிழ் சப்டைட்டில் எந்தப் பதிப்பிலும் இல்லை. ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளலாம். பெண்கள் மூவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து பேசும் தெருக் காட்சிகளில் அது உதவும்.

6. தியேட்டர் பதிப்பா, நீட்டித்த பதிப்பா

1981-இல் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சிக்காகச் சுமார் 12 நிமிடக் காட்சிகளைச் சேர்த்தார்கள். வன்முறையை வெட்டியதால் குறைந்த நேரத்தை ஈடுகட்ட, இரண்டாம் பாகம் படப்பிடிப்பில் இருந்தபோது எடுத்தவை. டாக்டர் லூமிஸ் (பிளெசன்ஸ்) மருத்துவக் குழுவிடம் வாதாடுவது, பிற்பாடு கொலைகாரனாகத் திரும்பி வரும் மைக்கேலிடம் அவன் சிறுவனாக இருந்தபோது பேசுவது, அறைக்கதவில் 'சிஸ்டர்' என்று கீறியிருப்பது எல்லாம் இதில் வருபவை. நீட்டித்த பதிப்பு சுமார் 101 நிமிடம் ஓடும்.

முதலில் தியேட்டர் பதிப்பையே பாருங்கள். கதவில் கீறிய அந்த ஒரு சொல் இரண்டாம் பாகத்தின் முடிச்சை முன்கூட்டியே அவிழ்த்துவிடுகிறது. மைக்கேல் ஏன் வருகிறான் என்று தெரியாததுதான் முதல் பாகத்தின் பலம். தனியாக 'எக்ஸ்டெண்டட் வெர்ஷன்' என்று மட்டும் அச்சிட்ட 2001 டிவிடியைத் தெரியாமல் வாங்கியவர்கள், இதுதான் படம் என்று நினைத்துப் பார்த்து முடித்திருக்கிறார்கள்.

7. ஆர்டர் போடும்போது

விற்பவரிடம் அட்டையின் முன்பக்கப் படத்தைக் கேட்காதீர்கள்; பின்பக்கத்தைக் கேளுங்கள். ஆண்டு, நிறுவனம், ரீஜன், ஓடும் நேரம், ஒலித்தடம் எல்லாம் அங்கேதான் இருக்கும். விற்பனைப் பக்கத்தில் பல பதிப்புகளின் விமர்சனங்களை ஒன்றாகக் கொட்டி வைத்திருப்பார்கள். 'அருமையான நிறம்' என்று ஒருவர் எழுதியது வேறு டிஸ்கைப் பற்றியதாக இருக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து வரும்போது டிஸ்க் விலையோடு அனுப்பும் கூலி, சுங்க வரி, கூரியர் கட்டணம் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். இந்திய முகவரி என்றால் கூரியர்காரர் அடையாள ஆவணம் கேட்பார். அனுப்பத் தாமதித்தால் பார்சல் அங்கேயே கிடக்கும். ஒரு டிஸ்க்காக வரவழைப்பதைவிட மூன்று நான்கு சேர்த்து வரவழைத்தால் கட்டும்.

8. பெட்டி வந்த அன்றே செய்ய வேண்டியவை

உறையைப் பிரிக்கும் முன் பெட்டியை லேசாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டால் டிஸ்க் பிடியிலிருந்து கழன்று பயணம் முழுக்க உரசிக்கொண்டு வந்திருக்கிறது. உறையோடு படமெடுத்து, பிறகு திறங்கள்.

டிஸ்கை விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பாருங்கள். விரல் ரேகை இருந்தால் மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து வெளிவிளிம்பை நோக்கி நேர்கோடாகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. குறுக்குக் கீறலைப் பிளேயர் திருத்திக்கொள்ளும், தடத்தோடு ஓடும் கீறலைத் தாண்ட முடியாமல் தடுமாறும். புதுசுதானே என்று இதைத் தவிர்க்காதீர்கள். தொழிற்சாலையிலிருந்தே எண்ணெய்ப் படலத்தோடு வரும் டிஸ்குகள் உண்டு.

பிறகு படத்தை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டுங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள். அத்தியாயம் அத்தியாயமாகத் தாவிப் பார்ப்பது சோதனை ஆகாது. 4கே டிஸ்கில் தகவல் அடுக்கடுக்காக இருக்கிறது. அடுக்கு மாறும் இடத்தில்தான் பெரும்பாலும் உறையும்.

9. பிளேயரையும் டிவியையும் திருத்துங்கள்

வரிசை முக்கியம்: கேபிள், டிவியின் ஹெச்டிஎம்ஐ துளை, பிளேயர், கடைசியாக டிவியின் பட அமைப்பு. முதலில் பட அமைப்பைத் திருத்தினால், எச்டிஆர் சிக்னல் வந்ததும் டிவி வேறு அமைப்புக்குத் தாவி, செய்ததெல்லாம் வீணாகும்.

டிவியில் அந்தத் துளைக்கு முழு 4கே வசதியைத் திறந்துவிட வேண்டும். எல்ஜியில் இதன் பெயர் 'ஹெச்டிஎம்ஐ டீப் கலர்', சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', சோனியில் 'என்ஹான்ஸ்டு ஃபார்மட்'. இது மூடியிருந்தால் எச்டிஆரே வராது. வராததை டிவி சொல்லவும் சொல்லாது.

நடுவில் பழைய ஆம்ப்ளிஃபயர் இருந்து, அது ஹெச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறையை ஏற்காது என்றால் 4கே அங்கேயே நின்றுவிடும். மேலே சொன்ன சோனி, பானசோனிக் இரண்டிலும் ஒலிக்கென்று இரண்டாவது ஹெச்டிஎம்ஐ துளை இருக்கிறது. படத்தை நேராக டிவிக்கும், ஒலியை ஆம்ப்ளிஃபயருக்கும் பிரித்துக் கொடுங்கள்.

பிளேயரில் 24பி அவுட்புட்டை (படத்தை நொடிக்கு 24 ஃபிரேமாகவே அனுப்புவது) 'ஆட்டோ'வில் வையுங்கள். சோனி எக்ஸ்700-இல் டால்பி விஷனைக் கையால்தான் திறக்க வேண்டும். டால்பி விஷன் இல்லாத வேறு டிஸ்கைப் போடும்போது மறக்காமல் மூடவும் வேண்டும். இல்லையென்றால் அதையும் டால்பி விஷனாகத் திரித்து அனுப்பும். அதே பிளேயரில் 'பிடி ஆடியோ மிக்ஸ்' என்பதை அணைத்துவிடுங்கள். திறந்திருந்தால் மெனுவின் கிளிக் சத்தத்தைக் கலப்பதற்காக அட்மாஸ் தடத்தையே உடைத்துவிடும்.

டிவியில் 'ஃபிலிம்மேக்கர்' அல்லது 'சினிமா' முறையைத் தேர்ந்தெடுங்கள். 'விவிட்', 'டைனமிக்' இரண்டும் கடை வெளிச்சத்துக்குச் செய்தவை. அடுத்து, அசைவை வழவழப்பாக்க டிவி தானாக ஃபிரேம் சேர்க்கும் மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். எல்ஜியில் 'ட்ருமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ', சாம்சங்கில் 'பிக்சர் கிளாரிட்டி'. இது திறந்திருந்தால் படம் மெகா சீரியல் மாதிரி வழுக்கும். நாய்ஸ் ரிடக்‌ஷன் எல்லாவற்றையும் அணையுங்கள். அது கிரெயினை அழுக்கு என்று நினைத்துத் தேய்க்கும், கூடவே முகத்தின் தோலையும் தேய்த்துவிடும்.

ஷார்ப்னஸைச் சுழியத்துக்குக் கொண்டுபோங்கள். சோனி பிராவியாவில் மட்டும் 50தான் நடுநிலை. அதை 0 ஆக்கினால் படம் மங்கும்.

'பிரைட்னஸ்' என்ற சொல்லை நம்பாதீர்கள். பழைய எல்ஜியில் அது கறுப்பின் அளவு. சோனியிலும் புதிய சாம்சங்கிலும் அது திரை விளக்கின் அளவு. சோனியில் கறுப்புக்கு 'பிளாக் லெவல்' என்று தனியாக இருக்கிறது. எதைத் தொடுகிறோம் என்று தெரியாமல் ஏற்றி இறக்குவதால்தான் இரவுக் காட்சிகள் பாழாகின்றன.

மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டையை 'ஜூம்' போட்டு நிரப்ப வேண்டாம். 1080 வரியில் படம் சுமார் 817 வரி, மிச்சம் பட்டை. அதை நிரப்பினால் மறுபடி ஓரத்தை வெட்டுகிறோம்.

10. மூன்று இடத்தில் சோதித்துப் பாருங்கள்

அறை விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள்.

முதல் இடம் எழுத்துப் போடும்போது. கறுப்புப் பின்னணியில் இடப்பக்கம் பூசணிக்காய் முகம், உள்ளே விளக்கு நடுங்குகிறது. பூசணியைச் சுற்றியுள்ள கறுப்பும் மேலே கீழே உள்ள பட்டையின் கறுப்பும் அநேகமாக ஒன்றாகத் தெரிய வேண்டும். நடுப்பகுதி மட்டும் சாம்பலாக இருந்தால் கறுப்பு அளவு ஏறிவிட்டது, அல்லது கறுப்பு-வெள்ளை வரம்பு அமைப்பில் பிளேயர் 'லிமிடெட்'டிலும் டிவி 'ஃபுல்'லிலும் நிற்கிறது. இரண்டையும் 'ஆட்டோ'வுக்கு மாற்றுங்கள்.

எழுத்து முடிந்ததும் வீட்டைச் சுற்றிக் கேமரா நடக்கிறது. அந்த நீண்ட ஷாட்டில் நடை சீரான இடைவெளியில் விக்கினால் 24பி அணைந்திருக்கிறது. எண்ணெய் தடவியது போல வழுக்கினால் ஸ்மூத்திங் இன்னும் எங்கோ திறந்திருக்கிறது.

இரண்டாவது இடம் பகல். நாயகி லாரி (ஜேமி லீ கர்ட்டிஸ்) புத்தகத்தை அணைத்துக்கொண்டு தெருவில் நடக்கும் காட்சி. புல் கிளிப்பச்சையில் அடிக்கக் கூடாது. வெயிலில் மெல்லிய வெதுவெதுப்பு இருக்க வேண்டும். வானத்தில் நுண்மணல் அசைவது போல் கிரெயின் தெரிந்தால் சரி. வானம் கண்ணாடிபோல் இருந்தால் நாய்ஸ் ரிடக்‌ஷன் எங்கோ விழித்திருக்கிறது.

மூன்றாவது இடம்தான் முக்கியம். கடைசி 20 நிமிடத்தில், எதிர் வீட்டு மாடியில் லாரி சுவரில் சாய்ந்து அழுகிறாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு வாசல், உள்ளே முழு இருட்டு. சில நொடி எதுவும் இல்லை. பிறகு அந்த இருட்டுக்குள்ளிருந்து வெள்ளை முகமூடி, கண் இருட்டுக்குப் பழகியது போல, கொஞ்சம் கொஞ்சமாக நீல வெளிச்சத்தில் ஊறி வருகிறது. முகமூடிக்கு அருகே சின்ன விளக்கு ஒன்றை வைத்து டிம்மரால் மெல்ல ஏற்றி எடுத்த ஷாட் அது. நல்ல திரையில் எந்த நொடியில் முகம் வந்தது என்று சொல்ல முடியாது.

வாசல் தெரிந்த கணத்திலேயே அவன் நிற்பது தெரிந்தால் கறுப்பு அளவு கூடுதல். இரண்டு மூன்று புள்ளி இறக்குங்கள். இருட்டிலிருந்து சட்டென்று முகம் குதித்து வந்தால் குறைவு. ஒவ்வொரு புள்ளியாக ஏற்றுங்கள். வாசல் இருட்டில் சதுரம் சதுரமாகக் கட்டங்கள் துடித்தால் 'டைனமிக் கான்ட்ராஸ்ட்' திறந்திருக்கிறது. ஒரு முறை திருத்திவிட்டுப் படத்தை நிறுத்திப் பார்க்காதீர்கள், ஓட விட்டுப் பாருங்கள். நிறுத்தியவுடன் சில டிவிகள் விளக்கைத் தானாக மங்கலாக்கிவிடும்.

ஒலிக்கு: டிஸ்கைப் போட்டதும் ரீமிக்ஸ் தடம்தான் முதலில் ஓட வாய்ப்பு அதிகம். மெனுவுக்குப் போய் மோனோவுக்கு மாற்றுங்கள். சவுண்ட்பாரில் 'சரவுண்ட்', 'மூவி' போன்ற முறைகளை அணைத்து 'ஸ்டாண்டர்ட்'டில் வையுங்கள். ஒற்றைத் தடத்தை அவை செயற்கையாக விரிக்கும்போது பேச்சு குகைக்குள்ளிருந்து வருவது போலாகும்.

11. இன்னும் சரியாகவில்லை என்றால்

படம் ஒவ்வொரு முறையும் அதே நிமிடத்தில் உறைந்தால் டிஸ்கில் குறை. துடைத்தும் மாறவில்லையா, திருப்பி அனுப்புங்கள். உறையும் இடம் முறைக்கு முறை மாறினால் பிளேயர் சூடாவது, லென்ஸ் தூசி, பழைய ஃபர்ம்வேர் (பிளேயருக்குள் இருக்கும் மென்பொருள்) ஆகிய மூன்றில் ஒன்று. ஃபர்ம்வேரை முதலில் புதுப்பியுங்கள், செலவில்லாத வேலை அது.

திரை ஒரு நொடி கறுத்து மீண்டால், வெள்ளைப் பொரி பறந்தால், கேபிள். சவுண்ட்பார் வழியாகப் போகும் இணைப்பைக் கழற்றி நேராக டிவியில் செருகிப் பாருங்கள்.

நான்கு பக்கமும் கறுப்புச் சட்டம் போட்டு நடுவில் சின்னதாகப் படம் தெரிந்தால் உங்களிடம் இருப்பது 16:9 வசதி இல்லாத 1990களின் டிவிடி. எந்தச் செட்டிங்கும் அதைக் காப்பாற்றாது.

ஹாடன்ஃபீல்ட் தெருவில் பனைமரம் தெரிகிறது, கார்களில் கலிஃபோர்னியா நம்பர் பிளேட் இருக்கிறது என்றால் அது டிஸ்க் கோளாறு இல்லை. 1978-லிருந்து அங்கேயேதான் இருக்கின்றன. 4கேயில் இன்னும் தெளிவாகத் தெரியும்.